வெண்மணி இரவும் நிலவுப் பயணமும்

(கோவில்பட்டியில் நிகழ்த்தப்பட்ட வெண்மணி நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே, மாணவ நண்பர்களே, தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அக்காமார்களே, அனைவருக்கும் ஜெய்பீம்.

அழைப்பிதழைப் பார்த்துவிட்டுச் சில தோழர்கள் கேட்டார்கள்: வெண்மணி நாளில் நிலாவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? நியாயமான கேள்விதான். கூலியைப் பற்றிப் பேசலாம், நிலத்தைப் பற்றிப் பேசலாம், தீர்ப்பைப் பற்றிப் பேசலாம். அதையெல்லாம் இந்த மேடையில் பல ஆண்டுகளாகப் பேசியிருக்கிறோம், இனியும் பேசுவோம். இந்த முறை நாங்கள் ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு போக நினைத்தோம்.

1968 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து அப்போலோ 8 புறப்பட்டது. ஃபிராங்க் போர்மன், ஜேம்ஸ் லோவெல், வில்லியம் ஆண்டர்ஸ் என்று மூன்று பேர். பூமியின் பிடியை விட்டு இன்னொரு கோளத்தின் அருகே போன முதல் மனிதர்கள் இவர்கள்தான். இறங்கவில்லை. நிலவைப் பத்து முறை சுற்றிவிட்டுத் திரும்பினார்கள். நான்காவது சுற்றில், நிலவின் விளிம்புக்கு மேலே பூமி எழுந்து வருவதை ஆண்டர்ஸ் படம் எடுத்தார். நீல நிறத்தில், பாதி நிழலில், கறுப்பு வானத்தில் தொங்கும் பூமி. உங்கள் பாடப் புத்தகத்திலோ கைப்பேசியிலோ அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை அவர் எடுத்தது இந்திய நேரப்படி டிசம்பர் 24 இரவு பத்து மணி சுமாருக்கு.

மறுநாள் இரவு, ஏறக்குறைய அதே பத்து மணிக்கு, கீழ்த்தஞ்சையில் கீழ்வெண்மணிச் சேரிக்குள் ஆட்கள் புகுந்தார்கள். ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், நடக்க முடியாத முதியவர்கள். அந்த நேரத்தில் அப்போலோ 8 நிலவை விட்டுக் கிளம்பி, பூமியை நோக்கி வந்துகொண்டிருந்தது. காலையில்தான், நம் கணக்கில் எட்டு மணி சுமாருக்கு, அந்த மூன்று பேரும் நிலவைச் சுற்றியபடியே விவிலியத்தின் ஆதியாகமத்திலிருந்து முதல் பத்து வசனங்களை வாசித்திருந்தார்கள். உலகெங்கும் கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். வெண்மணியில் யாரும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அவர்கள் அன்று அரைப்படி நெல் கூலி உயர்வுக்கான சண்டையில் இருந்தார்கள்.

பூமி எழும் அந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தை எழுதுகிறார்கள்: அங்கிருந்து பார்த்தால் எல்லைகள் தெரிவதில்லை, இனம் தெரிவதில்லை, மனிதகுலம் ஒன்றே. நாங்களும் மாணவப் பருவத்தில் அதை வாசித்து நெகிழ்ந்தவர்கள்தான். பிறகுதான் உறைத்தது. மூன்றேமுக்கால் லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு குடிசை எரிவதும் தெரியாது.

இதைச் சொல்லி விண்வெளி வீரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எங்கள் நோக்கமல்ல. அவர்களுக்கும் ஒரு தீ இருந்தது. அதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1967 ஜனவரி 27. அப்போலோ 1 பயணத்துக்கான ஒத்திகை. கஸ் கிரிஸம், எட் ஒயிட், ரோஜர் சாஃபி மூவரும் ஏவுதளத்தில், ராக்கெட்டின் உச்சியில் இருந்த கலத்துக்குள் பட்டைகளால் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். கலத்துக்குள் அழுத்தத்தோடு நிரப்பியிருந்தது சுத்த ஆக்சிஜன். எங்கோ ஒரு மின்கம்பியில் பொறி தட்டியது. நொடிகளில் உள்ளே எல்லாம் பற்றிக்கொண்டது. கலத்தின் கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. தீயால் உள்ளே காற்றழுத்தம் ஏற ஏற, அந்தக் கதவை யாராலும் இழுக்க முடியவில்லை. மூவரும் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். மனிதப் பயணங்கள் இருபது மாதங்களுக்கு மேல் நிறுத்தப்பட்டன. விசாரணைக் குழு ஆயிரக்கணக்கான பக்கங்களில் அறிக்கை கொடுத்தது. நாடாளுமன்றக் குழுக்கள் அதிகாரிகளை உட்கார வைத்துக் கேள்வி கேட்டன. கம்பிகள் மாற்றப்பட்டன. எரியக்கூடிய துணியும் பிளாஸ்டிக்கும் கலத்திலிருந்து அகற்றப்பட்டன. ஏவுதளத்தில் சுத்த ஆக்சிஜன் நிரப்புவது கைவிடப்பட்டு நைட்ரஜன் கலக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கதவு மாற்றப்பட்டது. வெளிப்பக்கமாக, சில நொடிகளில் திறக்கும் புதிய கதவு. போர்மன் அந்த விசாரணைக் குழுவில் உறுப்பினராக இருந்தவர். பிற்பாடு அந்தப் புதிய கதவின் பாதுகாப்பில்தான் அவர் நிலவுக்குப் போனார்.

மூன்று பேர் எரிந்தார்கள். எதனால் எரிந்தார்கள் என்று ஒரு நாடு அடி முதல் நுனி வரை பிரித்துப் பார்த்தது.

வெண்மணியில் 44 பேர். அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. அது ஆராய்ந்தது விவசாயக் கூலிப் பிரச்சினையை. நியாயக் கூலிச் சட்டம் வந்தது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கூலிக்காகத்தான் அவர்கள் நின்றார்கள். ஆனால் ஒரு சேரிக்குள் ஆயுதங்களோடு புகுந்து மனிதர்களைக் குடிசையோடு கொளுத்தும் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை எந்த ஆணையமும் பிரித்துப் பார்க்கவில்லை. 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் மிராசுதார்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நிறைய நிலம் வைத்திருப்பவர்கள், பணக்காரர்கள், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. அந்தக் கதவை யாரும் மாற்றி வைக்கவில்லை. 1995இல் கொடியங்குளம் நமக்கு எவ்வளவு தொலைவு? பேருந்தில் ஒரு மணி நேரம். அன்று அங்கே புகுந்தது காவல்துறை.

இனி 1969க்கு வருவோம். அப்போலோ 11. நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தது நம் நேரப்படி ஜூலை 21, திங்கட்கிழமை காலை 8 மணி 26 நிமிடம். ஆடி மாதம். காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கிற காலம். கரிசலில் மானாவாரி விதைப்புக்குப் புரட்டாசி வரவேண்டும்; அதுவரை கோடை உழவும் குப்பை அடிப்பதும்தான் வேலை. தமிழ்நாட்டில் தொலைக்காட்சி வர இன்னும் ஆறு வருடம் இருந்தது. செய்தி வந்த வழி வானொலியும் பத்திரிகையும்.

வானொலி இருந்தது டீக்கடையில். டீக்கடையில் நம் ஆட்களுக்குத் தனிக் குவளை, தனி இடம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் சொல்லி எங்கள் தாய் தகப்பன் கேட்டு, அவர்கள் சொல்லி நாங்கள் கேட்ட கதை இது. அன்று சாயங்காலம் கடைக்கு வெளியே, வழக்கம்போல் குத்தவைத்து உட்கார்ந்து வானொலியைக் கேட்டிருக்கிறார். பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த வாத்தியாரிடம் அவருக்கு ஒரு சந்தேகம்.

"ஏய்யா, அந்த வெள்ளக்காரன் நெலாவுல செருப்போடயா நடந்தான்?"

"செருப்பு இல்ல பெரியவரே, பெரிய பூட்சு. இந்தா, போட்டுருக்கான் பாரும்."

"அப்ப அங்கன ஊர்க்காரன் தெரு இல்ல போல."

கடையில் சிரிப்பு. வாத்தியாரும் சிரித்தாராம். பெரியவர் சிரிக்கவில்லை என்று சொல்வார்கள். வீடு திரும்பும்போது மேலத்தெரு முக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்தார். அன்றும் மறுநாளும், அதற்கப்புறம் பல வருடமும்.

கரிசல்காரர்களுக்கு இன்னொன்றும் தோன்றியிருக்கலாம். நிலவில் இறங்கியவர்கள் திரும்பி வந்து சொன்ன பெரிய தொல்லை மண் ஒட்டிக்கொள்வது. கறுஞ்சாம்பல் நிறப் புழுதி உடையில், பூட்சில், கருவிகளில் அப்பிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது. ஐப்பசி மழையில் கரிசல் காட்டுக்குள் இறங்கி நடந்தவர்களுக்கு இது புதிய செய்தியில்லை. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் கிளம்பும்போது எடையைக் குறைக்க மேல்பூட்சுகளை அங்கேயே போட்டுவிட்டு வந்தார்கள். அவை இப்போதும் அங்கே கிடக்கின்றன.

பெரியவரின் கேள்வியை அமெரிக்காவிலும் ஒருவர் வேறு மொழியில் கேட்டார். அப்போலோ 11 புறப்படுவதற்கு முந்தைய நாள், 1969 ஜூலை 15 அன்று, ரால்ஃப் அபர்னாதி ஏவுதளத்தின் வாசலுக்கு வந்தார். மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர். கிங் கொல்லப்பட்டு ஒன்றேகால் வருடம் ஆகியிருந்தது. கூடவே ஏழைக் கறுப்பினக் குடும்பங்களும், கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியும். ஒரு பக்கம் 363 அடி உயர ராக்கெட், எதிரே கழுதை வண்டி. நாசாவின் தலைவர் தாமஸ் பெயின் வெளியே வந்து அவரைச் சந்தித்தார். பசியைத் தீர்ப்பதோடு ஒப்பிட்டால் நிலவுக்குப் போவது சிறுபிள்ளை விளையாட்டு என்ற பொருளில் பேசினார். நாளை பொத்தானை அழுத்தாமல் விட்டால் வறுமை தீரும் என்றால் அழுத்தவே மாட்டோம் என்றார். வந்த குடும்பங்கள் சில ஏவுதலைப் பார்க்க அனுமதிச் சீட்டும் கொடுத்தார். அபர்னாதி வீரர்கள் நலமாகத் திரும்பப் பிரார்த்திப்பதாகச் சொன்னார்.

நாங்கள் அபர்னாதியின் பக்கம் நிற்கிறோம். ஆனாலும் பெயின் சொன்னதை வெறும் சாமர்த்தியப் பேச்சு என்று தள்ளிவிட முடியவில்லை. பசியைத் தீர்ப்பது ஏன் நிலவுக்குப் போவதைவிடக் கடினம்? ராக்கெட் விடும்போது யாரும் தன் நிலத்தை, தன் தெருவை, தன் குவளையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஈர்ப்பு விசைக்குச் சாதி கிடையாது. அது எதிர்த்து வழக்குப் போடாது, சங்கம் வைத்து அடியாள் அனுப்பாது.

இங்கே நம் தரப்பின் மீதும் ஒரு விமர்சனம் உண்டு. சந்திரயான் போகும்போதெல்லாம் "சோத்துக்கு வழியில்லாத நாட்டுக்கு ராக்கெட் எதற்கு" என்று ஒரு வரியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சுலபமான வரி. அது நம்மை அறிவியலுக்கு வெளியே நிற்கவைக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் ஏறியவரின் பிள்ளைகள் நாம். நமக்கு ராக்கெட் வேண்டாம் என்று யார் சொன்னது? அதைச் செய்தது யார் கை, அதில் ஏறியது யார், அதன் அறிவு எந்தத் தெரு வரை வந்தது என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

கைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அக்காமார்கள் வந்திருப்பதால்.

அப்போலோ கலத்தை வழிநடத்திய கணினியின் நினைவகம் இன்றைய சில்லு போன்றதல்ல. அது நெய்யப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்தம் என்ற ஊரில், ரேதியான் நிறுவனத்தின் தொழிற்சாலையில், பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஊசியால் செப்புக் கம்பியைச் சின்னஞ்சிறு காந்த வளையங்களுக்குள் கோத்தார்கள். கம்பி வளையத்துக்குள் போனால் ஒன்று, வெளியே போனால் சுழியம். ஒரு கம்பி இடம் மாறினால் நிலவில் கணக்குத் தப்பும். பொறியாளர்கள் அதற்கு "கிழவிகள் நினைவகம்" என்று கேலிப் பெயர் வைத்திருந்தார்கள். வீரர்களின் உடையைத் தைத்தவர்கள் பெண்களின் உள்ளாடை தயாரித்த நிறுவனத்தின் தையல்காரப் பெண்கள். 21 அடுக்குத் துணி. ஒரு தையல் பிசகினால் உள்ளே இருப்பவன் பிணம்.

தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர்களுக்கு இந்த வேலை புரியும். குச்சி குச்சியாகச் சட்டத்தில் இடைவெளி தப்பாமல் அடுக்கி, ஒரு கட்டைக்கு இத்தனை காசு என்று எண்ணி வாங்கிய விரல்கள். எண்பதுகளில் விடிவதற்கு முன்பே, வானத்தில் நிலா இருக்கும்போதே, கம்பெனி வண்டி ஊர் முனையில் வந்து ஆரன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள் ஏறிப் போவார்கள். எங்களோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் அந்த வண்டியில் போனவர்கள்தான். அவர்களில் யாருடைய விரல் எதைக் கோத்திருக்கும் என்று இப்போது யோசித்தால் தொண்டை அடைக்கிறது.

நாசாவின் முன்னோடி அமைப்பில், வர்ஜீனியாவின் லாங்லியில், கறுப்பினப் பெண் கணிதவியலாளர்கள் தனிக் கட்டடத்தில் வைக்கப்பட்டார்கள். உணவகத்தில் அவர்களுக்கென்று ஒதுக்கிய மேசையில் ஒரு பலகை இருந்தது. மிரியம் மான் என்ற பெண் அந்தப் பலகையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார். மறுபடி வைப்பார்கள், மறுபடி எடுப்பார். கடைசியில் பலகை வருவது நின்றுபோனது. அந்தக் குழுவில் இருந்த கேதரின் ஜான்சன் போட்ட பாதைக் கணக்குகள் பிற்பாடு அப்போலோ வரை பயன்பட்டன. தனிக் குவளையை உடைத்த வரலாறு நமக்கும் உண்டு. மிரியம் மானை நம் வீட்டுப் பெண்ணாக நினைக்க நமக்கு எந்தத் தடையும் இல்லை.

ஆனால் ஏறியவர்கள் யார்? 1968இலிருந்து 1972 வரை நிலவுக்குப் போனவர்கள் 24 பேர், அதில் கால் வைத்தவர்கள் 12 பேர். அத்தனை பேரும் வெள்ளை ஆண்கள். தொடக்கத்தில் ராணுவச் சோதனை விமானியாக இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும் என்று விதி. எந்த வாசலிலும் "கறுப்பர்கள் வரக்கூடாது" என்று எழுதவில்லை. எட் டுவைட் என்ற கறுப்பின விமானி அந்தப் பயிற்சிப் பள்ளி வரை போனார், தேர்வாகவில்லை. படையை விட்டு விலகிச் சிற்பியானார். 2024 மே மாதம், தன் 90வது வயதில், தனியார் ராக்கெட் ஒன்றில் சில நிமிடங்கள் விண்வெளியைத் தொட்டுவிட்டு வந்தார். நிலவைச் சுற்றிவரும் பயணமான ஆர்ட்டெமிஸ் 2 குழுவுக்கு விக்டர் குளோவர் என்ற கறுப்பினத்தவரும் கிறிஸ்டினா காக் என்ற பெண்ணும் தேர்வானதை 2023 ஏப்ரலில் நாசா அறிவித்தது. அப்போலோ 11க்குப் பின் 54 ஆண்டுகள். தானாக நடந்ததல்ல அது. தெருவில் இறங்கிக் கேட்டதால் நடந்தது.

மூச்சைப் பற்றிச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க முடியாது.

1970 ஏப்ரல். அப்போலோ 13 நிலவுக்குப் போகும் வழியில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. மூன்று பேரும் இரண்டு பேருக்கான இறங்குகலத்துக்குள் ஒண்டிக்கொண்டார்கள். அவர்கள் விட்ட மூச்சிலிருந்து கரியமில வாயு ஏறிக்கொண்டே போனது. அதை உறிஞ்சும் பெட்டிகள் தாய்க்கலத்தில் சதுரம், இறங்குகலத்தில் வட்டம். ஒன்று இன்னொன்றில் பொருந்தாது. பூமியில் பொறியாளர்கள் உட்கார்ந்து, கலத்துக்குள் என்னென்ன இருக்குமோ அதையே மேசையில் கொட்டி, பிளாஸ்டிக் பை, அட்டை, குழாய், ஒட்டு நாடா ஆகியவற்றால் ஒரு வழி கண்டுபிடித்து, வார்த்தை வார்த்தையாக மேலே சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று பேரின் மூச்சுக்காக ஒரு நாட்டின் மூளை அத்தனையும் விழித்திருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

நம் ஊரில் கழிவுத் தொட்டிக்குள் இறங்குகிறவனின் மூச்சுக்கு யார் விழித்திருக்கிறார்கள்? கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. இறந்தால் 10 லட்சம் கொடுக்க உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2இன் விக்ரம் கலம் நிலவில் மோதி நொறுங்கியபோது நாடே அழுதது, நாங்களும் வருந்தினோம். அதே மாதம் உச்ச நீதிமன்றம், மனிதர்களை விஷவாயு அறைக்குள் சாக அனுப்பும் நாடு வேறெங்கும் இல்லை என்று கண்டித்தது. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிடத்துக்குச் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பக்கம் பத்திரமாக இறங்கியது. இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 20 அன்று, சாக்கடையில் இறப்பவருக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. உயர்த்தத் தேவை இருந்தது என்றுதான் அர்த்தம்.

அப்போலோ வீரர்கள் நிலவில் விட்டுவந்த பொருட்களில் மனிதக் கழிவுப் பைகளும் உண்டு. 96 பைகள் என்பது கணக்கு. அள்ள இன்னும் யாரையும் அனுப்பவில்லை.

கடைசியாக, நமக்குப் பக்கத்தில் நடப்பது. இந்த நாலுவழிச் சாலையில் தெற்கே போனால் பணகுடி பக்கம் மகேந்திரகிரி. இஸ்ரோவின் திரவ எரிபொருள் இயந்திரங்களும் கிரையோஜெனிக் இயந்திரங்களும் சோதிக்கப்படும் இடம். மனிதரை ஏற்றிச் செல்லப்போகும் ககன்யானுக்கான இயந்திரங்களுக்கும் அங்கேதான் சோதனை. நம் மாவட்டத்திலேயே குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளம். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். பட்டா வைத்திருந்தவருக்கு இழப்பீடு உண்டு. அந்தக் காட்டில் கூலிக்கு நின்றவருக்கு என்ன என்று நாம் போய்க் கேட்டோமா? இதுவரை கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அடிக்கலுக்கு முந்தைய நாள்தான் ககன்யானுக்கான நான்கு பெயர்களை அறிவித்தார்கள். நால்வரும் விமானப்படைச் சோதனை விமானிகள். 1959இல் அமெரிக்கா வைத்த அதே வாசல். 2040க்குள் இந்தியரை நிலவில் இறக்குவதாக இலக்கும் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் திறமையாளர்கள் மீது நமக்குக் குறையில்லை. அந்த வாசலுக்கு முந்தைய வாசல்களைப் பற்றித்தான் கேட்கிறோம். மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: மத்திய அரசின் அறிவியல் துறைகளில், ஆராய்ச்சியை நடத்தும் வழிநடத்தும் உயர் பதவிகளை இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கிக்கொள்ள விதிகளில் இடம் இருக்கிறது. துப்புரவுப் பணிக்கு அப்படி விலக்குக் கேட்டு யாரும் விண்ணப்பித்ததில்லை.

ஆகவே இந்த ஆண்டு மன்றத்தின் முன் இரண்டு வேலைகளை வைக்கிறோம். ஒன்று, விண்வெளி, அணுசக்தி நிறுவனங்களில் எந்த நிலையில் எத்தனை பட்டியலினத்தார், ஒப்பந்தப் பணியில் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுவது. சமூகவியல், சட்டம் படிக்கிற மாணவர்கள் பெயர் கொடுங்கள். மனு எழுதச் சொல்லித் தருகிறோம். இன்னொன்று, எண்பதுகளில் அந்த விடியற்கால வண்டியில் போனவர்களின் வாய்மொழிகளைப் பதிவு செய்வது. அவர்களுக்கு இப்போது ஐம்பதை நெருங்குகிறது, பலருக்கு நுரையீரலும் கண்ணும் சரியில்லை, தள்ளிப்போட முடியாது. இங்கேயே சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள், இன்றைக்கே தொடங்கலாம்.

எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் போகிறவர்களுக்குக் கடைசி பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருக்கிறது. அதற்குள் கேள்விகளை எடுத்துக்கொள்வோம். முதலில் அக்காமார்கள் பேசட்டும். ஜெய்பீம்.